உப்புக்காரியும் படகுக்காரியும்

1

லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்னறை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எனக்குச் சொந்தமில்லை. என் மகள் தென்றலும் அவளுடைய சிநேகிதர்களும் அதைப் பிடித்துக்கொள்வார்கள். சாப்பாட்டு மேஜையைக் கூலருக்கு எதிரே இழுத்துப் போட்டு, பகடைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு, சாயங்காலம்வரை பேசுவார்கள். திடீரென்று எல்லோரும் எழுந்து நின்று கத்துவார்கள். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு ஆன்ட்டி மூச்சிரைக்க மாடியேறி வந்து, "சப் டீக் ஹை நா?", எல்லாம் சரியாக இருக்கிறதுதானே என்று கேட்டார். ஒரு பூதம் செத்துப் போய்விட்டது, வேறொன்றும் இல்லை என்று ஹிந்தியில் விளக்கி அனுப்பினேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்கும் கொஞ்சம் விளக்க வேண்டும். இது தாயம் மாதிரியோ கேரம் மாதிரியோ கட்டம் போட்ட ஆட்டம் இல்லை. ஒருவர் கதையை நடத்துவார். "காட்டு வழியில் போகிறீர்கள், எதிரே இடிந்த கோட்டை தெரிகிறது" என்று அவர் உலகத்தைச் சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். திருடன், வைத்தியர், வில்லாளி, யாராகவும் இருக்கலாம். கோட்டைக்குள் நுழைவதா, திரும்பி ஓடுவதா, வாசலிலேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிப்பதா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் வருகிற இடத்தில் பகடை தீர்த்துவைக்கும். ஜெயிப்பது, தோற்பது என்று பெரிதாக எதுவும் கிடையாது. கதை எங்கே போய் நிற்கிறது என்பதுதான் ஆட்டம்.

இதில் தீராத தகராறு ஒன்று உண்டு. அந்தக் கதை யாருடையது? வாரக்கணக்கில் யோசித்து நடத்துகிறவருடையதா, வந்து உட்கார்ந்து ஆடுகிறவர்களுடையதா?

போன மே மாதம், தென்றலின் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையெல்லாம் முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"மா, ஒரு ஆள் கம்மி. சிம்ரன் லூதியானா போயிட்டா. நீ வந்து உக்காரியா? ப்ளீஸ். ரொம்ப ஈஸி. நான் உனக்கு சம்ஜாயிக்கறேன்."

விளக்கிச் சொல்கிறேன் என்பதற்கு அவளுடைய தமிழ் அது.

அந்த ஆட்டத்தை நான் ஆடியிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. மறைத்தேன் என்றில்லை. அம்மாக்களின் இருபது வயதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானும் சொன்னதில்லை.

2

எம்.ஏ. படிக்க சங்கரன்கோவிலிலிருந்து டெல்லிக்கு வந்தவள் நான். ஹாஸ்டலில் இடம் கிடைக்காமல் முனிர்காவில் ஒரு பெண்ணோடு அறையைப் பங்கிட்டுக்கொண்டேன். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஏற வேண்டிய படிக்கட்டு. கீழே வீட்டுக்காரரின் எருமைகள். மேலே மொட்டை மாடி. குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடியில் விழுந்த வெயிலுக்கு ஈடாக இந்த ஊரில் பிறகு எனக்கு எதுவும் கிடைத்ததில்லை. வீட்டுக்காரம்மா ஒரு ஓரத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு ஸ்வெட்டர் பின்னியபடி எங்களைக் காவல் காப்பார். நாங்கள் இன்னொரு ஓரத்தில் வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் வெல்லமும் சேர்த்த கஜக் மிட்டாயும் தின்றுகொண்டு உலகங்களைச் சுற்றி வருவோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். கதை நடத்துகிறவன் ஞானம், மார்த்தாண்டத்துக்காரன். ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டு மாணவன் ஒருவன் விட்டுப் போன விதிப்புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தான். அதோடு இருபது முகம் கொண்ட பகடை ஒன்றும் அவனிடம் இருந்தது. அடுத்தவன் செந்தில், கோபிச்செட்டிப்பாளையம். மூன்றாவது நான். கதை நடத்துகிறவரை எப்படி அழைப்பது என்று முதல் நாளே பேச்சு வந்தது. "நடத்துனர்" என்றான் ஞானம். "கண்டக்டருங்களா?" என்றான் செந்தில். அன்றிலிருந்து ஞானம் எங்களுக்குக் கண்டக்டர்.

மூன்று பேருக்கும் தாய்மொழி தமிழ்தான். ஆனால் ஒரே தமிழ் இல்லை. ஞானத்தின் கதையில் பூதம் வழியை மறித்துக்கொண்டு, "எங்க போறிய? நில்லுங்க, கேட்டியளா!" என்று நாஞ்சில் தமிழில் மிரட்டும். செந்திலின் திருடன் அதனிடம், "கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் நவுந்துக்கறீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பான். நான் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடப்பேன். நாள் முழுக்க ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் தட்டுத்தடுமாறிவிட்டு வந்த நாக்குக்கு அந்த மாடிதான் ஓய்வு.

ஞானம் பிரமாதமான கதைசொல்லி. ஒரு கோடை விடுமுறை முழுக்கச் செலவழித்து ஒரு கோட்டையைக் கட்டியிருந்தான். அதன் சுரங்கங்கள், காவலாளிகளின் பெயர்கள், ராணியின் பழைய காதல் எல்லாம் அவன் மனதில் தயார். நாங்கள் அங்கே போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. வழியில் ஒரு ஊர். அந்த ஊரில் ஒரு ஏரி. ஏதோ பேச்சுவாக்கில் ஏரியின்மேல் காலைப் பனி எப்படி நகர்ந்தது என்று ஞானம் இரண்டு வரி சொல்லிவிட்டான். செந்தில் அங்கேயே நின்றுவிட்டான்.

"நான் இங்கயே இருந்துக்கறனுங்க. மீன் புடிச்சுட்டு."

"மக்கா, கோட்டைக்குப் போணும்லா?"

"எனக்கு அங்க வேலையில்லீங்களே."

ஞானம் சிரித்தான். அடுத்த வாரம் ஏரி மீனெல்லாம் செத்து மிதந்தது. செந்தில் கிணறு வெட்டினான். அதற்கு அடுத்த வாரம் கொள்ளைக்காரர்கள் வந்து ஊரைக் கொளுத்தினார்கள். செந்தில் கரிக்கட்டைகளுக்கு நடுவே குடிசை போட்டான். பிறகு சிப்பாய்கள் வந்து அவனைச் சங்கிலியில் கட்டி இழுத்துப் போனார்கள். எங்கே? கோட்டைக்கு. ஒவ்வொன்றுக்கும் முறைப்படி பகடை உருட்டப்பட்டது. எந்த எண் விழுந்தாலும் கோட்டைதான் வந்தது.

செந்தில் பகடையை எடுத்து ஞானத்தின் உள்ளங்கையில் வைத்தான். "நீங்களே உருட்டிக்குங்க கண்டக்டர். எனக்கும் சேத்து." தான் குடித்த டீ கிளாஸைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

கொஞ்ச நாளில் படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்கே போய்விட்டான். இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஆட்டம் நடக்கவில்லை. ஞானமும் பிறகு கனடா போய்விட்டான். அந்தக் கோட்டைக்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதில் வருத்தமும் இல்லை. மூன்று தமிழும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்த அந்த மாடியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

3

டெல்லியில் என் பெயர் மங்கை இல்லை. சேர்ந்த நாளிலேயே அலுவலகத்தில் அதை 'மெஹங்காயி' ஆக்கிவிட்டார்கள். ஹிந்தியில் அதற்கு விலைவாசி உயர்வு என்று பொருள். "மெஹங்காயி மேடம் வந்தாச்சு, இனி எல்லாம் ஏறும்" என்று ஒவ்வொரு பட்ஜெட் சமயத்திலும் யாராவது ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்லுவார். நானும் சிரித்துவைப்பேன்.

தென்றலுக்கு வேறு மாதிரி. அவள் எஸ். தென்றல். அப்பா சுந்தரம் என்பதால் எஸ். போகிற இடமெல்லாம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்பார்: "எஸ் என்றால் என்ன? சிங்கா, சர்மாவா, சக்சேனாவா?" அப்பா பெயர் என்றால், "அது சரி, குடும்பப் பெயர் என்ன?" என்பார். ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் தென்றல் சுந்தரம். பத்து வயதில் அவள் என்னிடம், "மா, நம்ம கிட்ட ஏன் முழுப் பேர் இல்ல?" என்று கேட்டாள். நம் பெயர் முழுசாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவள் நம்பினாளா தெரியவில்லை.

போன வருடம் சுந்தரத்துக்குச் சென்னைக்கு மாற்றலானது. கணவனும் மனைவியும் ஒரே ஊரில் பணிபுரியலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு நானும் மனுப் போட்டேன். ஃபைல் நகர்ந்துகொண்டிருந்தது. எத்தனையோ வருடமாகப் பேசிப் பேசித் தேய்ந்த பேச்சு, ஊர்ப்பக்கம் திரும்பிப் போவது. இப்போது நிஜமாகவே கிட்டே வந்திருந்தது. தென்றல் சென்னையில் கல்லூரியில் சேர்வாள், வீட்டிலிருந்தே போய்வருவாள், தமிழ் தானாக வந்துவிடும். எல்லாவற்றையும் நானும் சுந்தரமும் போனிலேயே முடிவுசெய்திருந்தோம்.

அவளிடம் கேட்காமல் இல்லை. சென்னையில் எந்தக் கல்லூரி வேண்டும் என்று கேட்டோம். அதைத்தான் நாங்கள் கேள்வி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"டெல்லிலயே படிக்கறியான்னு ஒரு வார்த்தை கேட்ரலாமா?" என்று சுந்தரம் ஒருமுறை இழுத்தார்.

"கேட்டா வரமாட்டேன்னு நிப்பா. ஆர்டர் கையில வரட்டும், பொறவு பாத்துக்கிடலாம்," என்றேன் நான்.

4

மேஜையைச் சுற்றி அமன், ருசி என்ற இரண்டு சிநேகிதர்கள். இருவரும் தென்றலின் வகுப்பு. ஆட்டம் ஹிந்தியில் நடந்தது. பெரிய ஆறு, அக்கரையில் ஒரு நகரம், நகரத்தில் கொள்ளைநோய். இவர்கள் மருந்து கொண்டுபோகிறார்கள். அமன் வாள் வீரன், ருசி வைத்தியச்சி.

"உனக்கு என்ன கேரக்டர் வேணும் மா?"

"உப்பு விக்கிற பொம்பளை."

அமன் சிரித்தான். தென்றல் சிரிக்கவில்லை. கதை நடத்துகிறவளின் முகத்தோடு கேட்டாள்: "அவளுக்கு என்ன தெரியும்?"

"உப்பைப் பத்தித் தெரியும். தமிழ் தெரியும். வேற பாஷை தெரியாது."

விளையாட்டாகத்தான் சொன்னேன். தென்றல் கண்ணை இடுக்கினாள். எனக்கு ஞானம் ஞாபகத்துக்கு வந்தான். அவனாக இருந்தால், "அதெல்லாம் சரிப்படாது பிள்ளே" என்று முடித்திருப்பான். தென்றல் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "டீக் ஹை" என்றாள். "அவளுக்குத் தமிழ் மட்டும்." அமனும் ருசியும் மேஜையைத் தட்டினார்கள்.

இதன் விளைவை அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. நான் சொல்வது மற்ற இருவருக்கும் புரியாது. வழியில் என்னோடு பேசுகிறவர்கள் எல்லோரையும் தென்றல்தான் தமிழில் பேசவைக்க வேண்டும். சுங்கச்சாவடிக் காவலாளி, வாத்து மேய்க்கிறவன், சந்தைக்காரி என்று வந்தவர்களெல்லாம் திக்கித் திக்கி என்னோடு தமிழ் பேசினார்கள். அந்த ஒரு மத்தியானத்தில் என் மகள் பேசிய தமிழை முந்தைய ஆறு மாதத்தில் நான் கேட்டிருக்கமாட்டேன்.

ஆற்றங்கரைக்கு வந்தோம். ஒரு படகுக்காரி இருந்தாள். வயதானவள், அன்பானவள் என்று தென்றல் ஹிந்தியில் வர்ணித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, படகுக்காரியின் குரலில் தமிழைத் தேடினாள்.

"வாங்க... உக்காருங்க. பயம் வேண்டாம். நான் உங்கள... கடத்தறேன்."

ஆற்றைக் கடக்க வைக்கிறேன் என்று சொல்ல நினைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நான் அப்போது உப்புக்காரி. உப்புக்காரி என்ன செய்வாளோ அதைச் செய்தேன். நாற்காலியை விட்டு எழுந்து, "ஐயோ, என்னைக் கடத்துதாவளே! யாராச்சும் வாங்களேன்!" என்று கத்தினேன்.

"க்யா ஹுவா ஆன்ட்டி?" என்று பதறினாள் ருசி. படகுக்காரி வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள், அவள் ஆள் கடத்துகிறவள் என்று ஹிந்தியில் சொன்னேன். அமன் உடனே வாளை உருவினான்.

தென்றலின் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் படகுக்காரிதான் அவள் கதைக்கே ஆணிவேர் என்று அப்புறம் சொன்னாள். நகரத்துக்குள் இவர்களைக் கொண்டுபோய், நோயின் காரணத்தைச் சொல்ல வேண்டியவள். இரண்டு வார யோசனை. எனக்குப் பாவமாகிவிட்டது.

"ஏட்டி, நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். நீ மாத்திக்கோ."

அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். "இல்ல மா. சொன்னா சொன்னதுதான்."

கதைக் குறிப்பெல்லாம் வைத்திருந்த லேப்டாப்பை மூடி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். படகு அக்கரைக்குப் போகவில்லை. ஆற்றின் போக்கில் கீழே போனது. நடு ஆற்றில் ஒரு தீவு. அங்கே நூற்றுக்கணக்கில் ஆட்கள், எல்லோரும் அந்தப் படகுக்காரி கொண்டுவந்தவர்கள். சாப்பாடு உண்டு, நிழல் உண்டு, நோய் இல்லை. திரும்பிப் போகத்தான் படகு இல்லை. அக்கரைக்குப் போனவர்கள் எல்லோரும் சாவதைப் பார்த்துப் பார்த்து, அவள் வருகிறவர்களைத் தீவுக்குக் கடத்திக்கொண்டிருந்தாள்.

அமனின் வாள் இறங்கிவிட்டது. நல்லவளா கெட்டவளா என்று அவனுக்கும் ருசிக்கும் வாக்குவாதம். எனக்கு ஆட்டத்தின் சுவாரசியம் தலைக்கேறிவிட்டது. படகுக்காரியைப் பார்த்துக் கேட்டேன்:

"என்னைய ஒரு வார்த்தை கேக்காம ஏன் கூட்டியாந்தே?"

தென்றல் தமிழைத் தேடினாள். இந்த முறை சீக்கிரம் கிடைத்துவிட்டது.

"கேட்டா நீ வர மாட்டேன்னு சொல்லுவே."

நான் சுந்தரத்திடம் சொன்ன அதே வார்த்தை. போனில் நான் பேசியதைக் கேட்டிருந்தாளா, இல்லை படகுக்காரியின் வாயில் தானாக வந்ததா, நான் இன்றுவரை கேட்கவில்லை. அவள் என்னைக் குத்திக்காட்டுகிற மாதிரி பார்க்கவும் இல்லை. பகடையை என் பக்கம் உருட்டிவிட்டுக் காத்திருந்தாள். உப்புக்காரி தீவில் உட்கார்ந்து யோசிக்கிறாள் என்று சொல்லி, டீ போட எழுந்து போனேன்.

எல்லோரும் போனபிறகு மேஜையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். "நீ யோசிச்சு வச்சதெல்லாம் வீணாப் போச்சே?"

"வீணாலாம் போகல. நான் வேர்ல்டு மட்டும்தான் மா பண்ணுவேன். அதுல என்ன பண்ணணும்னு அவங்கதான். நானே எல்லாம் பண்ணிட்டா அவங்க எதுக்கு வரணும்? வீட்ல உக்காந்து நான் தனியா எழுதிட்டு இருக்கலாமே."

5

மறுநாள் அலுவலகத்தில் மதிய இடைவேளையில் கீழே புல்வெளிக்கு இறங்கிப் போய், ஒரு வேப்பமர நிழலில் நின்று செந்திலுக்குப் போன் செய்தேன். கோபியில் தறி வைத்து நடத்துகிறான். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவதோடு சரி, குரல் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"மங்கை! எப்படி இருக்கறீங்க? என்னங்க திடீர்னு?"

நேராகவே கேட்டேன். அன்றைக்கு மாடியிலிருந்து எழுந்து போனாயே, அவ்வளவு கோபமா?

அவனுக்கு ஞாபகம் இருந்தது. கொஞ்சம் சிரித்தான். "அப்ப வீட்ல எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டாங்க. நான் வந்து தறியப் பாத்துக்கோணும், பொண்ணு இன்னாரு, கல்யாணம் எந்த மண்டபம்னு வரைக்கும். ஞாயித்துக்கெழம அந்த மாடில மட்டுந்தான் நான் ஒண்ணு சொன்னா அது நடக்கும்னு நெனச்சுட்டு இருந்தனுங்க."

"ஞானத்து மேல இன்னும் வருத்தமா?"

"சேச்சே. அவரு கத நல்ல கததானுங்க. எனக்குத்தான் அதுல வேலையில்லாம போயிருச்சு." அப்புறம், "எங்க வாழ்க்கையும் நல்லாத்தான் இருக்குதுங்க. வீட்டுக்காரி தங்கமானவ. ஆனா ஒருக்கா கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானே கூட சரின்னு சொல்லியிருப்பனோ என்னமோ."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அன்று வீட்டுக்குப் போனேன். கேட்டால் அவளே சரி என்று சொல்லிவிடுவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை.

6

சாயங்காலம் தென்றல் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் போய் ஒரு பக்கம் நின்று கிளிப்புகளைக் கழற்றினேன்.

"சென்னைக்கு எங்க கூட வாரியா, இல்ல இங்கயே படிக்கியா? ரெண்டுல எது சொன்னாலும் சரி."

அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சச்சி? நிஜமாவா கேக்கற?"

"நிஜமாத்தான்."

"சோச்சிட்டு சொல்றேன்," என்றாள். யோசித்துவிட்டுச் சொல்கிறாளாம்.

அவள் யோசித்த நாட்கள் எனக்கு லேசாகக் கழியவில்லை. சென்னைக் கல்லூரிகளைப் பற்றி ஏதாவது சொல்ல வாயெடுப்பேன், அடக்கிக்கொள்வேன். கடற்கரை, அத்தை வீடு, மாடியில் அவளுக்கென்று சுந்தரம் பார்த்துவைத்த அறை என்று சாமர்த்தியமாக எடுத்துவிட எத்தனையோ இருந்தன. ஒன்றையும் எடுத்துவிடவில்லை.

ஒரு காலையில் நான் அலுவலகத்துக்குப் புறப்படும்போது வாசல்வரை வந்தாள். "மா, நீ போ. அப்பா தனியா இருக்காரு. நான் இங்க இருக்கேன். எனக்கு இதுதான் ஊர்."

ஊர் என்ற சொல்லை அவள் சரியாகத்தான் சொன்னாள். நான் அவளுக்குப் பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் சொல்லிக்கொடுத்திருந்தேன், அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அலுவலகம் வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

போனில் சுந்தரத்திடம் சொன்னேன். "பத்திரமான ஹாஸ்டலாப் பாக்கணும்," என்றார்.

பார்த்தோம். கவுன்டரில் இருந்த பெண் எஸ் என்றால் என்ன என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தென்றல் ஹிந்தியில், "எங்கள் பக்கத்தில் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் வைத்துக்கொள்வோம். அதுவே முழுப் பெயர்தான்," என்று சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆர்டர் வந்தது. டிக்கெட் போட உட்கார்ந்தேன். ஒவ்வொரு வருடமும் ஊருக்குப் போகும் பயணிகளின் பெயர்கள் போனிலேயே சேர்ந்து கிடக்கும். கை பழக்கத்தில் என் பெயரையும் தென்றலின் பெயரையும் சேர்த்தே தேர்ந்தெடுத்துவிட்டது. அதைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. தென்றல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையிலிருந்து போனை வாங்கினாள். தன் பெயருக்கு எதிரே இருந்த குறியின்மேல் கட்டைவிரலை வைத்தாள். வைத்த விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அவளே அந்தக் குறியை நீக்கிவிட்டாள்.

"உனக்கு லோயர் பெர்த் போட்டிருக்கேன். முட்டி வலிக்கும்ல."

போனை என் மடியில் வைத்தாள். "மா, கடைசி பட்டன் நீயே அமுக்கு."

அமுக்கினேன்.